வந்ததை எழுது

சென்ற இதழில் ஒரு கல்லூரி மாணவி, "லேபில் வந்த ரீடிங்கும் புத்தகத்தில் இருக்கிற ரீடிங்கும் சண்டை போட்டால் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்டிருந்தார். "வந்தது பக்கம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த தபால், செவ்வாப்பேட்டை போஸ்ட்மேனின் சைக்கிள் கேரியரைச் சாய்த்துவிட்டது. ஆகவே இந்த இதழ் முழுக்க ஆராய்ச்சிக்காரர்களின் யோக்கியதைதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புட்லூர்

கே: விஞ்ஞானி பொய் சொல்லலாமா?

ப: கல்யாண வீட்டில் பாயசத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். லேப் நோட்டில் கூடாது.

வேதியியல் ஆசிரியை, திருவள்ளூர்

கே: ஆராய்ச்சியில் ஏமாற்றுவது பெரிய பல்கலைக்கழகங்களின் வியாதி. பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ப: டீச்சர், கோபப்படாமல் ஒரு நிமிடம் பிளஸ் டூ பிராக்டிகல் ஹாலுக்குள் வாருங்கள். சால்ட் அனாலிசிஸ். காப்பர் சல்பேட் கிடைத்தவன் பாக்கியசாலி, நீல நிறமே பெயரைச் சொல்லிவிடும். வெள்ளை உப்பு கிடைத்தவன் என்ன செய்வான்? லேப் அட்டெண்டர் அண்ணன் முகத்தைப் பார்ப்பான். அண்ணன் விட்டத்தைப் பார்த்தபடி "லெட்" என்பார். அதற்குப் பிறகு பையன் சோதனையைச் செய்யமாட்டான், எழுதுவான். "மஞ்சள் வீழ்படிவு தோன்றுகிறது." டெஸ்ட் டியூபில் ஒன்றும் தோன்றியிருக்காது.

அடுத்த மேஜையில் பியூரெட். மூன்று ரீடிங்கில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். முதலில் 19.6 வந்தது. அடுத்து 20.1. மூன்றாவது எடுக்க நேரமில்லை. ஆகவே 20.1-ஐ அழித்து 19.6, அதற்குக் கீழே இன்னொரு 19.6. பிசிக்ஸ் லேபில் ஊசலை ஆட்டினால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பக்கத்தில் வந்தே தீரும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் பூமி அவ்வளவு ஒத்துழைக்கும்.

நானும் அப்படி எழுதி மார்க் வாங்கியவன்தான். எனக்கு வந்த உப்பின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை.

விடைக்கு மார்க் போடுகிறோம், பார்த்ததற்குப் போடுவதில்லை. பதினேழு வயதில் இப்படிப் பழகிய கை, முப்பது வயதில் பிஎச்.டி. அட்டவணையை நிரப்பும்போது திடீரென்று நடுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை.

டீக்கடை வாடிக்கையாளர், வேப்பம்பட்டு

கே: ஆராய்ச்சியாளருக்கும் ஜோசியருக்கும் என்ன வித்தியாசம்?

ப: சொன்னது பலிக்காவிட்டால் ஜோசியர் கிரகத்தின்மேல் பழியைப் போடுவார். ஆராய்ச்சியாளர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு டேட்டாவை மாற்றினால் அவரைவிட ஜோசியர் மேல். அவர் தட்சணையை நேராகக் கை நீட்டி வாங்குகிறார்.

சிவனடியார் ஒருவர், திருநின்றவூர்

கே: எங்கள் ஊர் பூசலார் கல்லும் இல்லாமல் காசும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். அவரை நாயன்மார் வரிசையில் வைத்தோம். மனத்துக்குள்ளேயே பரிசோதனை நடத்திய ஆராய்ச்சியாளரை மட்டும் ஏன் வைகிறீர்கள்?

ப: மடக்கிவிட்டதாக நினைப்பு! பூசலார் "கோயில் முடிந்தது, பில்லை பாஸ் பண்ணுங்கள்" என்று யாரிடமும் போய் நிற்கவில்லை. பல்லவ மன்னன் காஞ்சிபுரத்துக் குடமுழுக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஊருக்கு வந்து "கோயில் எங்கே?" என்று கேட்டபோது, "மனசுக்குள்ளே" என்று உள்ளதைச் சொன்னார். எப்படிச் செய்தேன் என்ற பகுதியை இவ்வளவு நேர்மையாக எழுதிய ஆய்வாளர் குறைவு.

இதற்கு நேர் எதிர்க் கதை சண்டிகரில் நடந்தது. பஞ்சாப் பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர் வி.ஜே. குப்தா கையில் கல் இருந்தது, இடம்தான் பொய். இமயமலையில் கண்டெடுத்ததாக அவர் எழுதிய புதைபடிவங்கள் நியூயார்க் மாநிலத்து ஓடைக்கரை போன்ற தூரத்து இடங்களிலிருந்து வந்தவை என்று ஆஸ்திரேலியாவின் ஜான் டேலன்ட் 1989-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். சுமார் 25 ஆண்டுக் காலக் கட்டுரைகள் சந்தேகத்துக்குள் போயின. குப்தாவை நம்பிக் கூட்டாகப் பெயர் போட்டவர்கள் ஏராளம். மலைக்கு நேரில் போய்ப் பார்த்தவர்கள்தான் குறைவு.

உயிரியல் மாணவி, கடம்பத்தூர் அருகே

கே: என் பாட்டிக்குத் தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப வேன்ல வந்து ஊருக்கே ஊசி போட்டாங்க, நெஞ்சைப் படம் புடிச்சாங்க" என்கிறார். எங்கள் ஜனங்களை வைத்து யாராவது சோதனை செய்தார்களா?

ப: செய்தார்கள் அம்மா. உலக மருத்துவப் பாடப்புத்தகங்களில் ஏறிய சோதனை அது. அங்கே "செங்கல்பட்டு" என்று போட்டிருக்கும், திருவள்ளூர் என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். அப்போது திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. நடந்தது நம் வட்டாரத்தில்தான்.

கேள்வி எளிமையானது. பிசிஜி ஊசி காசநோயைத் தடுக்குமா? இங்கிலாந்தில் செய்து பார்த்தபோது நன்றாகத் தடுத்தது. அமெரிக்காவில் செய்தபோது அவ்வளவாக இல்லை. யார் சொல்வது சரி என்று முடிவு கட்ட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து 1968-ல் இங்கே இறங்கியது. 1971-க்குள் 2,81,161 பேருக்கு ஊசி. ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை. சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது, பிறகு எக்ஸ்-ரே படத்தைப் பார்த்தவருக்கும் தெரியாது. அது ரகசியக் குறியீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன்பின் 15 ஆண்டு விடாமல் வந்து சளியும் படமும் எடுத்தார்கள். இந்தக் காலத்தில் கேபிள் டி.வி.க்காரர்கூட நம் வீட்டுக்கு அத்தனை முறை வருவதில்லை.

1979-ல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை.

அந்த வரியை எழுதுவதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1950-களிலிருந்து நாடு முழுக்க இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தது அரசாங்கம். பணம் கொடுத்தவர்களும், நடத்தியவர்களும், உலகத்து டாக்டர்களும் எதிர்பார்த்த விடை "தடுக்கும்" என்பதே. என் பிளஸ் டூ அட்டெண்டர் அண்ணன் உலகம் முழுக்க விட்டத்தைப் பார்த்து நின்று "தடுக்கும், தடுக்கும்" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். திருவள்ளூரில் வேலை பார்த்தவர்கள் காதில் வாங்காமல், வந்ததை எழுதினார்கள். எழுதியதும் சும்மா விட்டார்களா? நிபுணர் குழு போட்டுக் குடைந்தார்கள். சோதனை நிலைத்தது. 15 ஆண்டுக் கணக்கு முழுசாக 1999-ல் வெளிவந்தபோதும் பெரியவர்கள் விஷயத்தில் அதே விடை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அவர் சம்மதம் வேண்டும் என்று ஹெல்சிங்கி பிரகடனம் 1964-லேயே சொல்லிவிட்டது. நம் ஆராய்ச்சிக் கழகம் தனக்கென்று நெறிமுறை வகுத்தது 1980-ல். அதாவது நம் வட்டாரத்துக் கடைசி ஊசி போட்டு ஒன்பது வருடம் கழித்து. "உங்களுக்கு விழுவது வெறும் ஊசியாகவும் இருக்கலாம்" என்று உங்கள் பாட்டியிடம் யாராவது புரியும்படி சொன்னார்களா? அதைப் பாட்டிதான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வழக்கம் என்று அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் 2009-10-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டத்தில் பல சம்மதப் படிவங்களில் கையெழுத்துப் போட்டது அப்பா அம்மா இல்லை, ஹாஸ்டல் வார்டன்கள். விதிப்புத்தகம் வந்து முப்பது வருடம் ஆன பிறகு! அந்தத் திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு 2013-ல் கடுமையாகவே எழுதியது.

பாட்டியின் தழும்பு அம்மை குத்தியதாகவும் இருக்கலாம். பிசிஜி தழும்புதான் என்றால் அவருக்கு விழுந்தது நிஜ மருந்து. வெறும் ஊசி தழும்பு விடாது.

வாட்ஸ்அப் குழு அட்மின், ஆவடி

கே: அப்படியானால் 1955-லேயே பிசிஜி-யை எதிர்த்துப் புத்தகம் போட்ட ராஜாஜிதான் தீர்க்கதரிசி. இனி எந்தக் குழந்தைக்கும் இந்த ஊசி வேண்டாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறாரே?

ப: விடை எந்தக் கேள்விக்கு வந்ததோ அந்தக் கேள்வியையும் கூடவே தூக்கிப் போக வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்குத்தான் "தடுக்கவில்லை" என்ற விடை. பச்சைக் குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடம்பு முழுக்கப் பரவும் வகையையும் பிசிஜி தடுக்கிறது. பிறந்தவுடன் அரசு ஆஸ்பத்திரியில் போடுவது அதற்காகத்தான். கேள்வியை வெட்டிவிட்டு விடையை மட்டும் ஃபார்வர்டு செய்வதும் டேட்டாவில் கை வைப்பதுதான். குழந்தைக்கு ஊசியைப் போட்டுவிட்டு வந்து குழுவில் சண்டை போடச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், ஊரும் முழுசாக வேண்டாம் ("சிப்காட் என்று மட்டும் போடுங்கள்")

கே: கம்பெனி லேபில் வேலை. கழிவுநீர் சாம்பிளில் சி.ஓ.டி. (அழுக்கைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) 310 வந்தது. லிமிட் 250. மேனேஜர் "இது வேண்டாம், நாளைக்குக் காலையில வேற சாம்பிள் எடு" என்கிறார். நான் வெறும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. விஞ்ஞானி இல்லை. இந்த நேர்மை நியாயமெல்லாம் எனக்கும் உண்டா?

ப: ஊரை மறைத்தீர்கள், சிப்காட்டைச் சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை, அங்கே சி.ஓ.டி. பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

தம்பி, ஆராய்ச்சி என்பது கடைசியில் ஒருவர் ஒன்றைப் பார்த்து அதை எழுதி வைப்பதுதான். நோபல் பரிசுக்காரர் செய்வதும் அதுவே, நீங்கள் செய்வதும் அதுவே. அவர் பொய் எழுதினால் ஒரு பத்திரிகை கட்டுரையை வாபஸ் வாங்கும். நீங்கள் பொய் எழுதினால் கழிவு போகும் ஓடையில் மாடு தண்ணீர் குடிக்கும். யார் எழுத்துக்குக் கனம் அதிகம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மறுபடி சாம்பிள் எடுப்பது தப்பில்லை. முதல் ரீடிங்கைக் காணாமல் போகச் செய்வதுதான் தப்பு. நினைத்த எண் வரும்வரை சோதித்துவிட்டு, வந்த நாளில் கையெழுத்துப் போடுவது, தலை விழும்வரை காசைச் சுண்டிவிட்டு "என் காசில் எப்போதும் தலைதான்" என்பது மாதிரி.

"போராடு" என்று நான் எழுதப்போவதில்லை. வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லையே. செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். 310-ஐ தேதி, நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதுங்கள். நாளைக் காலை வருவதையும் அதற்குக் கீழே எழுதுங்கள். திருத்த வேண்டியிருந்தால் ஒரே ஒரு கோடு, அடித்தது படிக்கும்படி. பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை தடவாதீர்கள். உங்கள் கண்ணால் பார்க்காத எண்ணுக்கு உங்கள் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். மேனேஜருக்கு அவசரம் என்றால் அவரே போடட்டும், அவருக்கும் பேனா இருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவரிடம் ரான்பாக்சி கதையைச் சொல்லுங்கள். மருந்துச் சோதனை டேட்டா இட்டுக்கட்டப்பட்டதை உள்ளே இருந்து கண்டுபிடித்தவர் தினேஷ் தாக்கூர் என்ற ஊழியர். 2005-ல் வேலையை விட்டு வெளியே வந்தார். எட்டு வருடம் இழுத்த பிறகு 2013-ல் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அதுவும் லேப் ரிஜிஸ்டரில் ஆரம்பித்த கதைதான்.

சீசன் டிக்கெட்காரர், திருவள்ளூர்

கே: திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டால் எல்லாப் பாவமும் தீருமாமே. காப்பியடித்த ஆராய்ச்சிப் பாவமும் தீருமா?

ப: திருப்பதியிலேயே செய்திருந்தால்? ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004-லிருந்து 2007-க்குள் எழுதிய சுமார் 70 கட்டுரைகள் திருட்டும் இட்டுக்கட்டும் கலந்தவை என்று 2008-ல் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. நான்கு வருடத்தில் 70! நம் டீக்கடையில் அத்தனை வேகத்தில் வடை போட்டால் "எண்ணெய் காய்ஞ்சுதா?" என்று கேட்போம். பல்கலைக்கழகத்தில் யாரும் கேட்கவில்லை. வேலை போகவில்லை, ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டத்தான் தடை. மொட்டையைவிட லேசான பிராயச்சித்தம்.

பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர், பூந்தமல்லி

கே: பத்து சதவீதம்வரை காப்பியடிக்கலாம் என்று யு.ஜி.சி.யே சொல்கிறதாமே?

ப: அப்படிச் சொல்லவில்லை, பத்து சதவீதம்வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்கிறது. 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வாத்தியார்களுக்கு வேறு கணக்கு: இன்கிரிமென்ட் வெட்டு, சில வருடம் மாணவர் எடுக்கத் தடை.

இதில் என் வருத்தம், காப்பி பிடிக்கும் மெஷின் வார்த்தையைத்தான் எண்ணுகிறது. எவர் கருத்தையோ எடுத்துச் சொந்த நடையில் எழுதினால் பூஜ்யம் சதவீதம். இல்லாத சாம்பிளுக்கு இட்டுக்கட்டிய அட்டவணை? அதுவும் பூஜ்யம். ஏனென்றால் அந்த எண்கள் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. சுத்தமான பொய்க்கு சாஃப்ட்வேர் நூற்றுக்கு நூறு கொடுக்கும்.

அதே ஊர், அதே கல்லூரி (கையெழுத்தும் அதேதான்)

கே: அந்த மெஷினை ஏமாற்ற வழி உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ப: சும்மாவா! உண்டு. காப்பியடித்ததை இன்னொரு மெஷினில் விட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் போடுவார்கள். பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கபானாக்கும் நண்பர்களும் 2021-லிருந்து இவற்றைப் பட்டியல் போட்டு வருகிறார்கள். "செயற்கை நுண்ணறிவு" என்பது "கள்ள உணர்வு" ஆகிவிடும். "மார்பகப் புற்றுநோய்" "நெஞ்சக ஆபத்து" ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் செவ்வாப்பேட்டையை "அங்காரகன் சந்தை" என்று எழுதிக் கொடுப்பது. டிக்கெட் கவுன்டரில் சிரிப்பார்கள். சில ஆய்விதழ்களில் அச்சே போட்டுவிட்டார்கள்.

இறுதியாண்டு மாணவரின் தந்தை, பட்டாபிராம்

கே: பையன் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ப்ராஜெக்ட் வாங்கியிருக்கிறான். "எல்லாரும் வாங்குறாங்கப்பா" என்கிறான். ஜர்னலில் பெயர் வரவும் தனியாகக் கேட்கிறார்களாம்.

ப: அந்த ப்ராஜெக்டை வைவாவில் அவனே விளக்க வேண்டும். அதற்கும் சென்டர்காரர் டியூஷன் எடுப்பார், கவலை வேண்டாம்.

பணத்துக்குப் பெயர் போடும் ஜர்னல்கள் நம் நாட்டின் பெரிய ஏற்றுமதி. ஹைதராபாத்தில் இருந்து நூற்றுக்கணக்கான இதழ்கள் நடத்திய ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட உத்தரவிட்டது. யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. அவ்வளவும் அதுவரை "அங்கீகாரம் பெற்றவை"! எண்ணிக்கைப் பித்து நம் வாசல்வரை வந்திருக்கிறது. நம் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்விலேயே ஆய்வுக் கட்டுரை எழுதுவதையும், கட்டுரைகள் தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டிக்கொள்வதையும் 2023 ஜூனில் 'சயன்ஸ்' இதழ் விரிவாக எழுதியது. கல்லூரி குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். அவனே செய்து தோற்றுப்போன ப்ராஜெக்ட் இருந்தால் இன்டர்வியூவில் பத்து நிமிடம் பேசலாம். வாங்கிய ப்ராஜெக்டைப் பற்றி ரசீதை மட்டும்தான் காட்ட முடியும்.

வரலாற்று ஆர்வலர், மணவாள நகர்

கே: ராமன் விளைவில் கே.எஸ். கிருஷ்ணனின் பங்கு மறைக்கப்பட்டதா?

ப: 1928 பிப்ரவரி 28 என்று தேசமே கொண்டாடுகிற வேலையில் பகலும் இரவும் கருவியோடு இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன். 'நேச்சர்' இதழில் மார்ச் 31-ல் வந்த முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரும் உண்டு. நோபல் உரையிலும் கிருஷ்ணன் பெயர் வருகிறது. 1930 பரிசு மட்டும் ஒருவருக்கு. கேட்டால் கிடைத்திருக்குமோ என்னவோ, கிருஷ்ணன் வெளியில் குறை சொன்னதில்லை. பின்னால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். மறைக்கப்பட்டது என்பது அதிகம், மங்கிவிட்டது என்பேன். இன்று கைடுகள் மாணவர் வேலையில் தங்கள் பெயரோடு மைத்துனர் பெயரையும் சேர்க்கிற காலத்தில், ராமனுக்குப் பாஸ் மார்க் தாராளமாகப் போடலாம்.

ஐந்தாம் ஆண்டு பிஎச்.டி. மாணவர், அம்பத்தூர்

கே: என் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லை. "அவுட்லையர், எடுத்துடு" என்கிறார் கைடு. எடுத்தால் மனசு உறுத்துகிறது. எடுக்காவிட்டால் தீசிஸ் நகராது.

ப: மேலே ராமனைப் பற்றிச் சொல்லி வாயை மூடுவதற்குள் வந்துவிட்டீர்கள். 1923-ல் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் ஒளிச்சிதறலை ஆராயும்போது, இருக்கக்கூடாத ஒரு மங்கல் ஒளி தெரிந்தது. அசுத்தமாக இருக்கும் என்று நீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். போகவில்லை. அவர் அதைத் துடைத்து எறியாமல் "பலவீனமான ஒளிர்வு" என்று எழுதி வைத்தார். ஐந்து வருடம் கழித்து அதுதான் ராமன் விளைவு. உங்கள் கைடு அன்றைக்கு கல்கத்தாவில் இருந்திருந்தால் அவுட்லையர் என்று எடுத்திருப்பார்.

புள்ளியை நீக்குவதே குற்றம் என்று சொல்லமாட்டேன். கருவி கெட்டுப்போயிருக்கலாம், அன்றைக்குக் கரண்ட் போய் வந்திருக்கலாம். காரணம் இருந்தால் நீக்கலாம், நீக்கியதைச் சொல்ல வேண்டும். எனவே கைடுக்கு ஒரு மெயில் போடுங்கள்: "ஐயா, நீங்கள் சொன்னபடி இரண்டு புள்ளிகளை நீக்கியுள்ளேன். நீக்கிய காரணத்தை அடிக்குறிப்பில் எப்படி எழுதலாம் என்று வழிகாட்ட வேண்டுகிறேன்." பணிவுக்குப் பணிவு, ஆதாரத்துக்கு ஆதாரம். பெரும்பாலும் அடுத்த நாளே "சரி, இருக்கட்டும் விடு" என்று பதில் வரும். மூல நோட்டின் நகல் ஒன்று உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். முற்றிப்போனால் துறை அளவிலும் நிறுவன அளவிலும் நேர்மைக் குழு இருக்க வேண்டும் என்று அதே 2018 விதிகளில் உள்ளது. உங்கள் கைடே அதில் உறுப்பினரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர், செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் பெஞ்ச்

கே: இதெல்லாம் இந்தியாவில்தான். வெள்ளைக்காரன் நேர்மையானவன், இல்லையா?

ப: 2002-ல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ். ராஜ்புத்தின் பெயரில் வந்த கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா காலோஷ் எழுதியதன் காப்பி என்று புகார் எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் நேராக நம் ஜனாதிபதி அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது, 2003-ல் துணைவேந்தர் ராஜினாமா செய்தார். நமக்குத் தலைகுனிவு.

இருபது வருடம் கழித்து, 2023 ஜூலையில், அதே ஸ்டான்ஃபோர்டின் தலைவர் மார்க் டெஸ்ஸியர்-லவீன் பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் பெயர் தாங்கிய கட்டுரைகளில் டேட்டா சரியில்லை. அவரே இட்டுக்கட்டினார் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை, தெரிந்த பிழைகளைத் திருத்தத் தவறினார் என்றது. துருவித் துருவி எழுதியது யார்? முதலாம் ஆண்டு மாணவர், கல்லூரிப் பத்திரிகையின் நிருபர். நம் ஜனாதிபதி அப்போது பதிலுக்குக் கடிதம் எழுதியதாகத் தகவல் இல்லை.

சலூன் கடைக்காரர், செவ்வாப்பேட்டை

கே: இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு விஞ்ஞானிகளுக்கு யோக்கியதை சொல்ல உமக்கு என்ன யோக்கியதை?

ப: அட்டெண்டர் அண்ணனிடம் உப்பின் பெயரைக் கேட்டு எழுதியவன் என்ற ஒரே யோக்கியதை. மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

உங்கள் கடைக்கு வருகிற பெரியவர்களிடம் எனக்காக ஒன்று கேட்க முடியுமா? 1968-க்கும் 1971-க்கும் நடுவில் திருவள்ளூர் வட்டாரத்தில் இருந்தவர்கள், எக்ஸ்-ரே வேன் வந்ததைப் பார்த்தவர்கள், இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். வேன் ஊரில் எந்த இடத்தில் நின்றது, என்ன சொல்லி ஊசி போட்டார்கள், வேண்டாம் என்று சொன்ன வீடு இருந்ததா, சொன்னவர்களை என்ன செய்தார்கள், பிறகு எத்தனை முறை சளி கேட்டு வந்தார்கள்? ஒரு போஸ்ட் கார்டு போதும். பெயர் போடமாட்டோம். எது நினைவில்லையோ அதற்கு "நினைவில்லை" என்றே எழுதுங்கள்.